மீனுக்கு வலிக்காத தூண்டில்

மனிதன் தூண்டிலைக் கண்டுபிடித்த நாள்முதல் மீன் குலத்துக்கு விடிவுகாலமே இல்லாமல் இருந்தது. அந்த விடிவைக் கொண்டுவந்தவர் அரிய மீன் பாதுகாப்பு அலுவலகத்தின் இயக்குநர். உலகம் இதை இன்னும் உணரவில்லை. உணர்ந்ததும் சிலை வைக்கும்.

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரே ஆள், மீன்தொட்டியைக் கவனித்ததால் அந்தப் பேர் பெற்ற தொட்டியார். மற்றவர்கள் பதவி வகித்தார்கள். கண்ணாடித் தொட்டியில் இருந்த பதினோரு வெள்ளிவாய்க் கெண்டைகளுக்கு இரை போட்டு, தண்ணீர் மாற்றி, காற்று மோட்டார் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதுதான் அவருடைய உத்தியோகம். அந்த மீன் வாழ்ந்த ஏரி வற்றிப் பல வருஷம் ஆகிறது. உலகத்தில் மிச்சம் அந்தப் பதினொன்றுதான். "பெத்த பிள்ளைங்களைப் பேர் மாத்திக் கூப்பிடுறீங்க, மீனை மட்டும் ஒண்ணொண்ணா அடையாளம் சொல்றீங்க" என்று அவர் மனைவி அங்கலாய்ப்பாள். தொட்டியார் மறுத்ததில்லை.

மீனைக் காக்க இயக்குநர் கண்ட வழி 'மெய்நிகர் தூண்டில்'. ஆள் உயரத் திரை முன்னால் நின்று வெறும் கோலை வீசினால், திரையில் வெள்ளிவாய்க் கெண்டை மாட்டும். கையில் ஈரம் படாது. புழு நெளியாது. ஆசை தீர்ந்த மக்கள் நிஜ மீனை மறந்துவிடுவார்கள். மறக்கப்பட்ட மீன் பிழைத்துக்கொள்ளும். இந்தத் தத்துவத்தை ஏழு கூட்டங்களில் விவாதித்து, ஏழிலும் தேநீர் அருந்தி, ஏகமனதாக ஏற்றார்கள்.

திறப்பு விழாவன்று கூடத்தில் ஒரு சின்னக் குறை தென்பட்டது. பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். அதில் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணி நேரம்தானே, அதைக் கழட்டுங்க" என்றார் இயக்குநர்.

"ஐயா, காத்து இல்லேன்னா அரை மணி நேரம்கூடத் தாங்காதுங்க. ரொம்பப் பூஞ்சையான உடம்பு."

"நாம இவ்வளவு பாடுபடுறது யாருக்காக? மீனுக்காக! அந்த மீன் கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா?"

பிளக் கழன்றது. தூண்டில் போட்டி தொடங்கியது. தொட்டியார் ஒரு குவளையை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மீன்கள் மேலே வந்து, ஊற்றும் இடத்தில் முண்டியடித்து வாயைத் திறந்தன. பத்து நிமிஷத்தில் அவர் தோள்பட்டை விட்டுப்போயிற்று. அவர் நிறுத்தவில்லை.

இயக்குநர் பாய்ந்து வந்தார். "என்னய்யா சளசளன்னு? கேம்ல வர்ற தண்ணிச் சத்தம் யாருக்கும் கேக்கலையாம்!"

"இதுவும் தண்ணிச் சத்தம்தானுங்களே ஐயா."

"இது அனுமதி வாங்காத சத்தம். இன்னொரு தடவை ஊத்தினா மெமோதான்."

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. தொட்டியார் குவளையைக் கீழே வைத்தார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் அவருக்கு இயக்குநர்மேல் வருவதைவிடத் தன்மேல்தான் அதிகம் கோபம் வருகிறது.

முதல் பரிசு ஒரு பல் மருத்துவருக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு மீன்கள்! "ஆனால் ஒரு மீன்கூடச் சாகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்" என்று இயக்குநர் மைக்கில் முழங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் பதினொன்றும் வயிறு மேலே தெரிய மிதந்தன. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் ஆணை வந்தது. வெள்ளிவாய்க் கெண்டைகள் 'மெய்நிகர் வாழ்விடத்துக்கு முழுமையாக இடம்மாற்றம்' செய்யப்பட்டன. தொட்டியார் இனிமேல் கணினியில் பொத்தானை அமுக்கி, திரை மீன்களுக்கு இருவேளை இரை போட வேண்டியது.

தொட்டியார் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். இரை விழவில்லை. திரையில் ஒரு கட்டம் முளைத்தது: 'நீங்கள் மனிதர்தானா? உறுதி செய்க.'

அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய், இயக்குநரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"ஐயா, கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேக்குது. எனக்குப் பதில் தெரியல. மோட்டாரைக் கழட்டச் சொன்னது நீங்க, குவளையைக் கீழ வச்சது நான். வாங்க, ரெண்டு பேருமே போய்ப் பதில் சொல்லுவோம்."