தைமஸ் சார் தேர்ந்தெடுத்த நாய்

நல்லேப்பிள்ளிப் பக்கம் தைமஸ் சாரைப் போலத் தொண்டைத் தண்ணி வற்றப் பேசுகிற மனுஷன் முன்னேயும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் விலங்கியல், நான் தமிழ். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் அவருக்குக் குலதெய்வம்.

"ஏனுங்க டீச்சர், எலும்பு மஜ்ஜையில பொறந்த செல்லுக அங்க வந்துதானுங்க நோயோட சண்டை போடற டி செல்லாகுது. நம்ம ஒடம்போட சாம்பிளையெல்லாம் காட்டிப் பாக்கும். எதையுமே கண்டுக்காத சோம்பேறியும் காலி, சொந்த ஒடம்பு மேலயே பாயறவனும் காலி. தேறறது கொஞ்சந்தானுங்க!"

தன் தோப்புக்குக் காவல்நாய் தேடியபோதும் இதே பரீட்சை. தன் வாடை கலந்துவிடக் கூடாதென்று மழைக்கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, வீட்டார் அழுக்குத்துணியை ஒவ்வொன்றாக நாய்களின் மூக்கில் காட்டினார். மோந்தே பார்க்காததும் போச்சு, உறுமினதும் போச்சு. தேறிய ஒரே நாய் அன்று சாயங்காலமே சாரைத் தோப்பெல்லாம் துரத்தியது. தன் சட்டையைக் காட்ட மறந்திருக்கிறார், பாவி மனுஷன்!

"தைமஸ்லயும் இப்பிடித்தானுங்க! ஒரு சாம்பிள் உட்டுப்போச்சுன்னா அந்த உறுப்புக்குக் கேடு," என்றார், கிணற்றுமேட்டில் ஏறி நின்றபடி.

போன வருஷம் எனக்கு இடது இமை சரிந்தது. மூன்றாவது பீரியடுக்குள் பேச்சு குழறும். தூக்கக் குறைவு என்றார்கள் எல்லாரும். சார்தான் விடாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நோயைத் தடுக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தியே, நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியைத் தடுக்கிறதாம். கெட்டுப்போன தைமஸ்தான் தூண்டிவிடுகிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

எனக்கோ நெஞ்சைத் திறக்கவும் பயம். பேச்சே போய்விட்டால் தமிழ் டீச்சருக்கு என்ன மிச்சம் என்றும் பயம்.

"நீங்கதானுங்க சார் அதையச் சாமின்னு கும்பிட்டீங்க?" என்று அழுதேன்.

"நம்ம வயசுக்கு அதோட வேலை முக்காவாசி முடிஞ்சுதுங்க டீச்சர். கெட்டுப்போச்சுன்னா சாமியென்ன, பூதமென்ன! எடுத்து வீசுங்க." சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து, மாத்திரையும் ஓய்வுமாகக் குரல் மெல்லத் தேறிப் பள்ளிக்குத் திரும்பினேன். ஆசிரியர் அறையில் சார் வாயே திறக்கவில்லை.

"ஏனுங்க சார், ஒடம்பு செரியில்லீங்களா?"

"நீங்க பேசுங்க டீச்சர். நான் கேக்கறேன்."

மணியடிக்கும் வரை பேசினேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.