மூன்று பன்றிகளும் என் தூக்கமும்

இனிமேல் ராத்திரியில் தூங்குவது என்று தீர்மானித்தேன். ஊரில் எல்லோரும் தீர்மானம் போடாமலே செய்கிற காரியம். எனக்கு அதற்கு நாற்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

பாலவனத்தம் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். மற்றவர்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். எனக்கு மட்டும் மாறாது. சேர்ந்த புதிதில், "ராத்திரி வேலை நமக்குப் பழகிப்போச்சு" என்று மேஸ்திரியிடம் ஒரு பெருமைக்குச் சொன்னேன். பெருமை ஒரு நிமிஷம்தான் இருந்தது. ஷிப்ட் இருபத்திரண்டு வருடம் இருந்தது.

பள்ளியில் படித்தது எட்டாவது வரை. மிச்சத்தை இரண்டு மெஷினுக்கு நடுவில் நின்றபடி செல்போனில் படித்துக்கொண்டேன். தேனீ வளர்ப்பு படித்தேன், காளான் படித்தேன், காடை படித்தேன். கடைசியில் வெண்பன்றியில் வந்து நின்றேன். பன்றி ஒரு நாளில் பாதி நேரம் தூங்கும் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி என் மனதைத் தொட்டுவிட்டது. தூங்குகிறவர்களோடு பழகினால் நமக்கும் கொஞ்சம் ஒட்டும் அல்லவா.

தீபாவளி போனஸ் வாங்கிய மறுநாள் வேலை வேண்டாம் என்று மில்லுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாளே என் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை.

பன்றி வளர்க்க நிலம் வேண்டும். பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் மனைவி முருகலட்சுமிக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் இருக்கிறது. அவள் அப்பா கொடுத்தது, பட்டாவும் அவள் பேரில். பெரிய சண்டை வரும் என்று நான்கு பதில்களைத் தயார் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப ராத்திரியெல்லாம் வீட்டுலயா இருப்பீக?"

"வேற எங்க இருப்பேன்?"

குக்கரை இறக்கி வைத்தாள். "சரி, வளருங்க" என்றாள். நான்கு பதில்களும் வீணாய்ப் போயின.

ராத்திரித் தூக்கம் நினைத்ததுபோல் வரவில்லை. நான் ஆறடி. எங்கள் கட்டிலில் படுத்தால் கணுக்கால் வெளியே தொங்கும். அதனால்தான் தூக்கம் வரவில்லை என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். சும்மா விழித்துக் கிடப்பானேன் என்று முதல் நாள் பீரோவிலிருந்த சேலைகளை நிறவாரியாக அடுக்கினேன். இரண்டாம் நாள் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள், பன்றி எத்தனை நாளில் குட்டி போடும் என்பதை முருகலட்சுமியை எழுப்பிச் சொன்னேன். தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே.

ஒரு வாரத்தில் அவள் கண் சிவந்துவிட்டது. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். தூங்கி விழுந்ததில் ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துவிட்டாள். ரத்தம் குறைவாக இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கவில்லை.

"பன்னிக் கொட்டகைய வடக்கு மூலையில போடுங்க. வேப்பமரத்து நெழல் இருக்கு" என்றாள். புருஷன் தொழிலில் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் அங்கேயே தகரம் போட்டேன். பஞ்சாயத்து அனுமதி பின்னால் வரட்டும் என்று பன்றிகளை முன்னால் கொண்டுவந்தேன். ஒரு கிடா, இரண்டு பெட்டை என்று பார்த்துப் பொறுக்கி வாங்கியது. வண்டியிலிருந்து இறக்கும்போது முருகலட்சுமி ஒரு தடவைதான் குனிந்து பார்த்தாள்.

"மூணும் பொட்டை."

ராத்திரியில் படித்த படிப்பு, அப்படித்தான் இருக்கும்.

தீனிக்கு அருப்புக்கோட்டை ஓட்டல்களில் மிச்சம் மீதி வாங்கி, தினமும் இரண்டு டிரம்மில் கட்டிக்கொண்டு வந்தேன். பத்தே நாளில் மூன்றும் நாக்கை வளர்த்துக்கொண்டன. சாம்பார் ஊற்றாத இட்லியை மூக்கால் தள்ளிவிட்டன. தின்றுவிட்டு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று தலையை வைத்துத் தூங்கும். நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன். பொறாமை என்று சொல்லமாட்டேன். வேறு வார்த்தை கிடைத்தால் சொல்கிறேன்.

வடக்கு மூலைக்கு அடுத்த நிலம், எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு, நல்லமுத்து மச்சானுடையது. முருகலட்சுமிக்கு அண்ணன் முறை. கிணறு உள்ளவர், மக்காச்சோளம் போட்டிருந்தார். ஆள் குள்ளம். பயிர் இடுப்பளவு வந்துவிட்டால் குரலை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்மாய்க் கருவேலங்காட்டிலிருந்து காட்டுப்பன்றி வரும் என்று, இந்தப் பக்கத்து வழக்கப்படி, காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். சேலையைக் கண்டால் காட்டுப்பன்றி மிரளும். அதாவது, என் மூன்று கன்னிப் பெண்களின் வாசனை கண்மாய் வரை போகாத நாட்களில் மிரண்டன.

மார்கழி பிறந்ததும் சேலையை மிதித்துக்கொண்டு வந்தன. கொட்டகைக்கு வரும் வழியில் நான்கு வரிசை மக்காச்சோளம் பாய் விரித்ததுபோல் கிடந்தது. விடிந்ததும் சோளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்ள, ஒங்க பன்னியப் பாக்க வாரதுக ஏங் காட்டுல விருந்து தின்னுட்டுப் போகுதுக."

"காட்டுப்பன்னி முந்தியும் வந்துச்சுல்ல மச்சான்?"

"முந்தி வழி தப்பி வந்துச்சுக. இப்பப் பொண்ணு பாக்க வருதுக."

அவர் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். அனுமதியில்லாத கொட்டகை, எடுக்க வேண்டும். பதிலுக்கு நாங்கள் அனுமதி கேட்டு மனுக் கொடுத்தோம். பட்டா அவள் பேரில் என்பதால் கையெழுத்தும் முருகலட்சுமிதான் போட்டாள். இரண்டு மனுவையும் குடியரசு தினத்துக் கிராமசபையில் வைப்பதாகத் தலைவர் காளீஸ்வரி சொல்லிவிட்டார்.

கொட்டகை போனால் பன்றி போகும். பன்றி போனால் ஏதாவது ஒரு வாசலில் வாட்ச்மேனாக மறுபடி ராத்திரி வேலைதான். கிராமசபையில் பேச நான்கு பக்கம் எழுதினேன். ராத்திரிதான் நிறைய நேரம் இருக்கிறதே. எழுதியதை உரக்கப் படித்தும் பார்த்தேன். முருகலட்சுமி தலையணையைத் தூக்கிக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

அதற்கு நடுவில் ஒருநாள் நல்லமுத்து மச்சான் தன் காட்டு மூலையில் பரண் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு கால் நட்டு, மேலே பலகை போட்டு, காவலுக்கு ஆள் ஏறி உட்காருகிற பரண். மனு வேறு, உறவு வேறு என்று காட்ட நானும் போய்க் கயிறு இழுத்துக் கட்டினேன். அவர் முகமும் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது.

"மாப்ள, சும்மா ஒரு தடவ ஏறிப் படுத்துப் பாருங்க."

படுத்தேன்.

"கால் இடிக்குதா?"

"இல்ல மச்சான். கச்சிதம்."

திருப்தியாகத் தலையாட்டினார். எதிரியின் பரணையும் சோதித்துக் கொடுத்த பெருந்தன்மையை ஐந்தாம் பக்கமாக எழுதிச் சேர்த்தேன்.

கிராமசபையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. ஐந்து பக்கத்தோடு எழுந்தேன்.

"மனுதாரர் யாரு?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுல."

"அப்ப அவுக பேசட்டும். நீங்க உக்காருங்க."

முருகலட்சுமி எழுந்தாள். கையில் காகிதம் கிடையாது.

"நல்லமுத்து அண்ணன் சொல்றது நெசம். எங்க பன்னியாலதான் அவுகளுக்குச் சேதம். அதனால ராத்திரி அவுக சோளத்துக்குக் காவல் எங்க பொறுப்பு. காட்டுப்பன்னி வந்தாத் தகரத்தத் தட்டி வெரட்டி விட்டுருவோம். கொட்டகைக்கு அனுமதி குடுங்க."

"காவலுக்கு யாரு வருவா? ஆளு கெடைக்காதேம்மா" என்றார் தலைவர்.

"வீட்டுலயே இருக்காக. இருபத்திரெண்டு வருசம் முழிச்ச ஒடம்பு. வீட்டுல முழிச்சுக் கெடக்கதக் காட்டுல முழிச்சிருக்கட்டும்."

இவ்வளவு அனுபவமுள்ள காவல் இந்தப் பிர்க்காவிலேயே கிடையாது என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். நல்லமுத்து மச்சான் மனுவை வாபஸ் வாங்கினார். இருக்கிற இடத்திலிருந்து எழுந்து நின்றுதான் வாங்கினார், ஆனாலும் யாருக்கும் தெரியவில்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஊரே தூக்கியது. எதிர்ப்பவர்கள் என்றபோது நான் தூக்கினேன். குடும்பத் தகராறைச் சபையில் கொண்டுவரக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவளோடு காட்டுக்கு நடந்தேன். சோளம் அறுக்கிற வரைக்கும்தானே, இன்னும் மூன்று வாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"சோளத்துக்கப்புறம் அண்ணன் கடலை போடுறாகளாம்" என்றாள். "காட்டுப்பன்னிக்குக் கடலைன்னா உசுராம்ல. நீங்கதான் படிச்சுச் சொன்னீக."

"மில்லுலயாவது வாரத்துக்கு ஒருநா லீவு உண்டு, முருகு."

"இங்க மேஸ்திரி கெடையாதுல்ல" என்று சமாதானம் சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி. என்னை விட்டுவிட்டு, பொழுது விழுமுன்னே வீட்டுக்குத் திரும்பினாள். போகிறபோதே கொட்டாவி விட்டுக்கொண்டு போனாள்.

கொட்டகையில் மூன்றும் தூங்க ஆரம்பித்திருந்தன. பரணில் ஏறினேன். என் மில் டிபன் கேரியர், என் மப்ளர், என் டார்ச் லைட் எல்லாம் எனக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தன. கால் நீட்டிப் பார்த்தேன். ஆறடிக்கு அளவெடுத்த பலகை, எங்கேயும் இடிக்கவில்லை.

நல்லமுத்து மச்சான் ஐந்தடிகூட இருக்கமாட்டார்.