சம்பந்தி கால் வைத்த டயர் காங்கிரீட்

படித்துக்கொண்டிருக்கும் இன்ஜினியரிடம் யாரும் வீட்டு வாசலைக் கொடுக்கக் கூடாது. நாமக்கல்லில் என் மாமா கொடுத்தார்.

நான் அப்போது எம்.இ. கடைசி வருஷம். காங்கிரீட்டுக்கான மணலில் ஒரு பங்கைக் குறைத்துப் பழைய டயர்ப் பொடியைச் சேர்ப்பது, ரப்பரால் குறையும் வலுவை நானோ சிலிக்காவால் மீட்பது: இதுதான் என் ஆய்வு. (நானோ சிலிக்காவைக் கோலமாவைவிட நைசான தூள் என்று மாமிக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவர் என்னை நம்பவில்லை.) லாரி ஊரில் குவிந்து கிடக்கும் டயரை எரித்துப் புகையாக்காமல் தரையாக்கலாம் என்று நான் பேசிய பேச்சில் மாமா மயங்கிவிட்டார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வாசலை என்னிடம் ஒப்படைத்தார்.

ஆய்வகத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வார்த்த கைக்கு வாசல் ரொம்பப் பெரிது. நானோத் தூள் நீரை இழுத்துக்கொண்டதில் கலவை இறுகியது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். இளகிய சந்தோஷத்தில், கலவையிலிருந்து காற்றை வெளியேற்றும் வைப்ரேட்டரை வைத்து அதிரவிட்டேன், போதும் போதும் என்கிற அளவுக்கு. எடை குறைந்த ரப்பரெல்லாம் மேலே மிதந்து வந்து, வாசல் எள்ளுருண்டை மாதிரி ஆனது. காலையில் ஓரத்தில் அழுத்திப் பார்த்தேன். இறுகியிருந்தது. ஓரம் மட்டும்.

மாப்பிள்ளையின் அப்பா, லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறைக்காரர், நல்ல கனத்த ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு நடு வாசலில் வலது காலை வைத்தார். பாதம் உள்ளே போய்விட்டது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் சொம்பும் கையுமாக ஓடிச் சம்பந்தியின் காலைக் கழுவினேன்.

"தப்பு என்னுதுங்க. நாந்தான் போட்டேன். கல்யாணத்த நிறுத்தீராதீங்க." (நிறுத்துவதைப் பற்றி அதுவரை யாருமே பேசவில்லை.)

அவர் விரலில் ஒட்டிய பொடியை முகர்ந்தார். "டயருங்களா அம்மிணி?"

"ஆமாங்க."

"எங்க பட்டறையில தேஞ்ச டயரச் சீவற இந்தப் பொடி மூட்டை மூட்டையா கெடக்குது. மறுக்கா போட்டுப் பாக்கறியா?"

நிச்சயம் நடந்தது. கல்யாணத்துக்குள் வாசலைப் பெயர்த்துவிட்டு, அவர் அனுப்பிய பொடியில் மறுபடி போட்டேன். இந்த முறை தூளை முதலிலேயே தண்ணீரில் கரைத்து, அளந்து ஊற்றி, வைப்ரேட்டரை அடக்கி வைத்தேன். மாமாவின் முட்டை வண்டி இன்று வரை அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு விரிசல் இல்லை. சம்பந்தியின் பட்டறை முற்றமும் இப்போது என் கலவைதான்.

ஆனாலும் நான் இருக்கிற வீட்டுக்கு வந்தால் அவர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, "அம்மிணி, வெக்கலாமுங்களா?" என்று கேட்காமல் நுழைவதில்லை. போன மாதம் என் கல்யாணம். மணமேடை ஏற வந்த என் மாப்பிள்ளை, சம்பந்தி சொல்லிக் கொடுத்தபடி, படிக்கு முன்னால் காலைத் தூக்கியபடி நின்று என்னைப் பார்த்தார்.

தலையாட்டினேன். வைத்தார்.