தலைக்கு மேலே எட்டு கிலோ

ஜிம்முக்குள் நுழைந்ததுமே பொம்சூ திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தான். கொரியாவின் இஞ்சியோன் நகர ஜிம்களில் உடுப்பையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். அதனால் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே சாம்பல் நிற டி-ஷர்ட், ஒரே அரைக்கால் சட்டை. அவனும்தான். இதில் காதலி யெரினின் அப்பாவை எங்கே போய்த் தேடுவது?

யெரின் காட்டிய படம் அவர் ராணுவத்தில் இருந்தபோது எடுத்தது. முப்பது வருஷப் பழசு. "இப்போ முடி வெள்ளை. காலையில ஆறு மணிக்குக் கண்ணாடி முன்னாடி டம்பெல்லோட நிப்பார், போ" என்று அனுப்பிவிட்டாள்.

அப்பாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. "ரெண்டு டம்பெல்லை ஒழுங்கா தலைக்கு மேல தூக்கத் தெரியாதவனுக்கு என் பொண்ணு கிடையாது."

மூன்று வருஷக் காதல். போயும் போயும் டம்பெல்லிலா தொங்க வேண்டும்!

கண்ணாடி முன் ஒரு வெள்ளை முடிக்காரர் விறைப்பாக நின்றிருந்தார். பொம்சூ இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினான்.

"ஐயா, தோள் பிரஸ், அதான் டம்பெல்லைத் தலைக்கு மேல தூக்கற விஷயமா உங்களைப் பார்க்க வந்திருக்கேன்."

அவர் அவனைவிடத் தாழக் குனிந்தார்.

"தெரியுங்க. உங்களுக்காக அஞ்சு மணியிலேர்ந்து நிக்கறேங்க. ஆரம்பிக்கலாமுங்களா?"

பொம்சூவுக்குப் பகீரென்றது. மருமகனாக ஏற்றுக்கொள்கிற எண்ணம் இருந்தால் "வாடா" என்றல்லவா சொல்வார்? மாமனாராகப் போகிறவர் வாங்க போங்க என்று பேசினால், வாசலிலேயே நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

பதற்றத்தில் பன்னிரண்டு கிலோவைத் தூக்கிவிட்டான். மேலே தள்ளியதும் முதுகு வில்லாக வளைந்தது.

"முதுகுங்க! வயித்தை இறுக்குங்க. விலா எலும்பு முன்னாடி துருத்தக் கூடாதுங்க."

வயிற்றை இறுக்கினான். முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஓடின.

"முழங்கை கொஞ்சம் முன்னாடி வரணுங்க. இப்படி வெச்சா தோள்மூட்டு வலிக்கும்."

முழங்கையை முன்னே கொண்டுவந்தான். மணிக்கட்டு பின்னால் மடிந்தது. மணிக்கட்டை நிமிர்த்தினான். மூச்சு விட மறந்தான்.

"மூச்சுங்க! தள்ளும்போது மூச்சை விடுங்க ஐயா, தயவுசெஞ்சு விட்டுடுங்க!"

ஐயா வேறா! போச்சு, கல்யாணம் போயே போச்சு.

"ஐயா, நான் உங்க பிள்ளை மாதிரி" என்று கெஞ்சினான். "என்னை நீ, வா, போன்னே சொல்லுங்களேன்."

அவர் முகம் வெளுத்தது. "ஐயையோ, அது மட்டும் என்னால முடியாதுங்க."

"நாலு திட்டாவது திட்டுங்க!"

"நான் யாரையும் திட்டறதே இல்லீங்க. சத்தியமா எனக்குக் கோபமே வராதுங்க."

மறுபடி தூக்கப் போனான். அவர் ஓடிவந்து டம்பெல்லை வாங்கிக்கொண்டார்.

"எட்டு கிலோவே போதுங்க. முதல்லயே சொல்லாதது என் தப்புங்க."

கூடவே ஒரு கோப்பை பார்லித் தண்ணீர். அதையும் இரண்டு கையாலும் ஏந்தி, தலையைத் தாழ்த்தி நீட்டினார். சின்னவனுக்கு யாராவது இப்படிக் கொடுப்பார்களா? பொம்சூவுக்கு அழுகையே வந்துவிட்டது.

யெரினை நினைத்துக்கொண்டு எட்டு கிலோவை எடுத்தான். வயிறு இறுக்கம், முழங்கை சற்று முன்னால், மணிக்கட்டு நேராக. மூச்சை விட்டுக்கொண்டே தள்ளினான். கைகள் காதோரம் உரசி மேலே போயின. அப்படியே நிதானமாகத் தோள்வரை இறக்கினான்.

"அப்படித்தாங்க! அதேதாங்க!"

பத்தாவது முறை முடிந்ததும் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. தூக்காத அவருக்குத்தான் அதிகம். பொம்சூ டம்பெல்லைக் கீழே வைத்தான். இதற்கு மேல் தாங்காது.

"ஐயா, நல்லதோ கெட்டதோ, வாய்விட்டுச் சொல்லிடுங்க. நான் தேறினேனா, இல்லையா?"

பெரியவர் திருதிருவென்று விழித்தார்.

"அதை நானில்லீங்களா உங்ககிட்ட கேக்கணும்? ஓனரே மெம்பர் மாதிரி உடுத்திட்டு வந்து சொல்லிக்குடுக்கச் சொல்வாருன்னாங்க. அறுபத்திமூணு வயசுக்காரன்னு பார்க்காதீங்க முதலாளி, அந்த டிரெயினர் வேலை எனக்கு உண்டுங்களா?"