நான் கூவிய 'பாத்து'

'பாத்து' என்று சொல்லாமல் என்னால் பிள்ளைக்குச் சோறுகூடப் போட முடியாது. பாத்துப் போ, பாத்து இறங்கு, முள் இருக்கும் பாத்து. (மீன் குழம்பு இல்லாத நாளிலும்.)

என் மகள் கயல் திருவொற்றியூரில் ஃப்ரிஸ்பீ ஆடுகிறாள். தட்டைப் பறக்கவிட்டுப் பிடிக்கும் ஆட்டம். நடுவர் கிடையாது, தப்பை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். யாருக்காவது அடிபடும்போல் இருந்தால் ஒருவர் 'ஸ்டாப்' என்று கத்த, மற்றவர்கள் கையைத் தூக்கி அப்படியே நின்றுவிட வேண்டும். ஆனால் எதிராளியை மறிக்கச் சொல்லவும் பிள்ளைகள் "ஸ்டாப் பண்ணு" என்றே கத்தியதால், நின்றவர்மேல் ஓடியவர் மோதினார். வேறு சொல் தேடினார்கள். எண்ணூரில் ஓர் ஆலையின் எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் எழுதுபவள் நான், சும்மா இருப்பேனா?

"பாத்துன்னு வைங்க. இந்த ஊர்ல பொறந்த எல்லாப் புள்ளைக்கும் தெரிஞ்ச வார்த்தை."

எதிர் அணிகளும் சேர்ந்தே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு நாள் என் நடையே மாறிவிட்டது.

காசிமேட்டு அணியோடு ஆட்டம். அடுத்த பாயிண்ட் எடுப்பவருக்கே வெற்றி. தட்டு கயலை நோக்கி வருகிறது. அவள் அண்ணாந்தபடியே பின்னால் நகர்கிறாள். அங்கே ஒரு தண்ணீர் பாட்டில். (காலி பாட்டில்.)

"பாத்து" என்று கூவிவிட்டேன்.

பதின்மூன்று பேர் கையைத் தூக்கிச் சிலையானார்கள். கயல் மட்டும், பதினைந்து வருஷப் பழக்கம், என் பக்கம் திரும்பி "இன்னாமா?" என்றாள். தட்டுக்குத் தமிழ் தெரியாது. நேராக வந்து அவள் புருவத்தைக் கிழித்தது.

ஓடினேன். தூக்கிய கையை இறக்காமலே காசிமேட்டு ரோஸி கேட்டாள்: "இன்னா ஆன்ட்டி, நீ டீம்ல கீறியா? ப்ளேயர்தானே கூவணும்?"

சட்டை நுனியால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு கயல், "நான் புடிக்கல. பாயிண்ட் எங்களுக்கு வேணாம்" என்றாள்.

"உங்கம்மா கூவலன்னா புடிச்சிருப்ப. திருப்பிப் போட்லாம்" என்றாள் ரோஸி.

திருப்பிப் போட்டார்கள். கயல் இல்லாமல் தோற்றோம்.

மூன்று தையல். டாக்டர் ஊசியை எடுத்ததும் "பாத்து டாக்டர்" என்றேன். கூட வந்திருந்த ரோஸி கையைத் தூக்கி நின்றுவிட்டாள்.

இப்போது மைதானத்துச் சொல் 'நில்லு'. வீட்டில் நான் 'பாத்து' என்றால் என் கணவர்கூட இட்லியோடு கையைத் தூக்கிக்கொண்டு உறைந்துபோகிறார். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தத் தழும்பில் கண் பட்டால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

போன வாரம் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு கன்டெய்னர் லாரி சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது. தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு "நில்லு" என்றேன். முன்னால் போன கயல் நின்றாள். லாரி போனது.

தூக்கிய கையை இறக்கியபடி சொன்னாள்: "இப்பதாம்மா கரெக்டா கூவிக்கீற. ஆனா நீ இன்னும் ப்ளேயர் இல்ல."