ஆவுடையப்பனின் காந்த வேட்டை

சீனாக்காரன் எல்லையைத் தாண்டி வந்த வருசம், குன்றாண்டார்கோவிலில் சவுண்ட் சர்வீசும் ரேடியோ ரிப்பேரும் பார்த்த ஆவுடையப்பன் ஒரு சபதம் எடுத்தான். யுத்த நிதிக் கச்சேரியில் தன் கிதார் சத்தம் கீரனூர் வரைக்கும் கேட்க வேண்டும். ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போது ஒரு மனுசன் எடுக்கிற சபதமா இது என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் பொண்டாட்டி மீனம்மாளும் அதைத்தான் கேட்டாள்.

“கச்சேரியில தபேலா இருக்கு, ஆர்மோனியம் இருக்கு. ஒங்க பொட்டி எதுக்கு?”

“பொட்டியா? எலக்ட்ரிக் கிதாரு புள்ள. மெட்ராஸ்லயே நாலு பேரு கையிலதான் இருக்கு.”

“தம்பி பனியில நிக்கிறான். ஒங்களுக்குக் கிதாரு.”

தம்பி என்றது நல்லதம்பியை. ஆத்தா செத்த பிறகு மீனம்மாள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து சீன எல்லையில் போம்டிலா பக்கம் நின்றான். தீபாவளிக்கு முன்னாலேயே கடுதாசி நின்றுபோனது. அவளுக்கு மிச்சம் இருந்தது வீட்டு ரேடியோ ஒன்றுதான். சாயந்தரச் செய்தி ஆரம்பித்தால் சோறு குழைந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

ஆவுடையப்பன் கிதார் திருச்சியில் வாங்கிய சாதாரண மரக் கிதார். அதைக் கத்த வைக்க, தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும், காந்தத்தைச் சுற்றி மயிரிழைத் தாமிரக் கம்பியும் வேண்டும். தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும். கம்பி சுற்றப் பொறுமை வேண்டும், அது அவன் பரம்பரைக்கே கிடையாது. மீனம்மாள்தான் நூல் நூற்கும் ராட்டையில் வைத்து அறுபடாமல் சுற்றிக் கொடுத்தாள்.

அப்புறம் காந்தம். முதலில் சைக்கிள் டைனமோ காந்தத்தை வைத்தான். அது ராட்சசக் காந்தம். தந்தியைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. சுருதி தள்ளாடி, சத்தம் பிறந்த உடனே செத்தது. புதுக்கோட்டைச் சந்தையில் லாடக் காந்தம் வாங்கி வைத்தான். கொசு பாடிற்று. பழைய டெலிபோன் காதுக் காந்தம் அதைவிட மோசம், கொசுவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

ரொம்ப இழுக்கவும் கூடாது, இழுக்காமலும் இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட காந்தம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு ரேடியோவின் ஸ்பீக்கரில் இருக்கிறது. பட்டாளத்துக்காக நடக்கிற கச்சேரி, பட்டாளத்தான் அக்காவின் ரேடியோ கொஞ்சம் உதவினால் என்ன என்று தனக்குத் தானே நியாயம் பேசிக்கொண்டு, அவள் தண்ணிக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றிவிட்டான்.

கிதார் மணி மாதிரி பேசிற்று. ரேடியோ ஊமையாயிற்று.

“ஏங்க, ரேடியோ பேசல.”

“வால்வு போயிருச்சு.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

“வால்வு என்ன, சொல்லிட்டா போகும்? திருச்சியிலேருந்து வரணும்.”

“எப்ப வரும்?”

“கச்சேரி முடியட்டும்.”

மீனம்மாள் பஞ்சாயத்து ரேடியோவுக்குப் போனாள். அங்கே ஆம்பளைக் கூட்டம் நெரிந்தது. தெருவோரம் நின்று பார்த்தாள், ஒரு சொல்லும் காதில் விழவில்லை. போம்டிலா போயிடுச்சாம் என்று யாரோ பேசிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. ஆவுடையப்பன் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிதார் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தான். ஆனாலும் சபதம் சபதம்.

அவளுக்கு ஒரு பழக்கம். ரிப்பேர்க்காரன் வீட்டு ரேடியோவுக்கு முதுகுப் பலகை ஏது? திறந்து கிடக்கிற ஸ்பீக்கர் காந்தத்தில்தான் தன் ஊக்கை எப்போதும் ஒட்டி வைப்பாள். கச்சேரிக்கு முந்தின நாள் வைத்தாள். ஊக்கு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் பக்கத்தில் சாய்த்திருந்த கிதாரின் மேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“ஏங்க, ஊக்கு ரேடியோவுல ஒட்ட மாட்டேங்குதே.”

“வால்வு போனா அப்படித்தான்.”

“அப்படிங்களா,” என்றாள். விசயம் ஒன்றும் புரியவில்லை பாவம் என்று ஆவுடையப்பன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

கச்சேரி அன்று மத்தியானம் அவளே வந்தாள். “மொதமொதலா மேடை ஏறுது. கிதாருக்குச் சந்தனப் பொட்டு வச்சுக் கும்பிட்டுத் தாரேன். நீங்க கொளத்துல குளிச்சிட்டு வாங்க.”

அவன் நெகிழ்ந்துபோனான். இப்படி ஒரு பொண்டாட்டியிடமா பொய் சொன்னோம் என்று கண் கலங்கியது. குளித்துவிட்டு வந்தால், சந்தனமும் குங்குமமுமாகக் கிதார் மணப்பெண்ணாட்டம் தயாராக இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினான்.

யூனியன் ஆபீஸ் மைதானம் நிரம்பியிருந்தது. பொம்பளைகள் வளையலையும் தோட்டையும் கழற்றி நிதித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் எழுந்து, கீரனூரை மனசில் நினைத்து, தந்தியை ஓங்கித் தட்டினான்.

பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது. இன்னும் ஓங்கித் தட்டினான். தபேலாக்காரர் இருளாண்டி அவன் கையைக் காட்டி, “அண்ணே, எறும்பு,” என்றார்.

காந்தத்தின் மேல் போட்டிருந்த தகர மூடிக்கு அடியிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. இரும்பை இழுக்க வேண்டியது எறும்பை இழுத்தது. மூடியைப் பெயர்த்தான். காந்தம் இருந்த இடத்தில், காந்தத்தின் அளவுக்கே செதுக்கின ஒரு கறுப்புக் கட்டி. விரல் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தான். இனித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். யுத்தம் ஆரம்பித்த பிறகு அந்த ஊர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கட்டியைக் கையில் பிடித்தபடி ரௌத்திரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தான். ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. ஒருதரம் கழற்றின காந்தம் பழைய தெம்புக்கு வராது என்பது அவனுக்குத் தெரியும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மீனம்மாள் கன்னத்தை ரேடியோவோடு ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ரேடியோ பேசுதே,” என்றான்.

“வால்வு வந்துருச்சுங்க.”

காந்தம் எங்கே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், அதை முதலில் எடுத்தது யார் என்ற கேள்வி வரும். முழுங்கிக்கொண்டான்.

“என்ன சொல்றான்?”

“சண்ட நின்னுருச்சாம்.”

“மாப்ள நல்லதம்பியப் பத்தி?”

“ஒத்த ஆளப் பத்தியெல்லாம் எங்க சொல்லுறாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கிதாரு நல்லாப் பாடுச்சுங்களா?”

“இல்ல. வால்வு போயிருச்சு.”

“அடடா. அதுக்கும் வால்வு உண்டா?” என்றாள். ரேடியோவை விட்டுத் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினாள். “அந்தக் கருப்பட்டியத் தாங்க. காலையில காப்பிக்கு வேற இல்ல.”