நின்ற சுவர் ஒன்று, திருத்திய சுவர் மூன்று

கடவுளே விண்ணப்பம் எழுதினாலும் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பக்கூடிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். பதுளையில் நான் முதன்முதலில் வேலை பார்த்த கல்வி அலுவலகத்தின் பிரதம இலிகிதர் அவர், எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘திருத்தம் ஐயா’.

எந்தப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தாலும் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் ‘திருத்தம் தேவை’ என்று எழுதித் திருப்பிவிடுவார். எனக்கு நினைவிருப்பவை: கரும்பலகை கேட்ட கடிதம் (ஒற்றெழுத்துக் குறைவு), மலசலகூடம் கேட்ட கடிதம் (ஒற்றெழுத்து அதிகம்), ஓர் அதிபர் ‘தாழ்மையுடன்’ என்பதைத் ‘தாள்மையுடன்’ என்று எழுதி ஓய்வூதியம் கேட்ட கடிதம். அந்த அதிபர் கடிதத்தைச் சரியாக எழுதி முடிப்பதற்குள் காலமாகிவிட்டார் என்று அலுவலகத்தில் ஒரு கதை. நான் நம்பவில்லை. மறுப்பதற்கு அவரும் வரவில்லை.

ஹல்துமுல்லையிலிருந்து தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழோடு, கட்டடப் பிரிவின் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நான் போய்ச் சேர்ந்தது இரண்டாயிரத்தொன்றில். நாட்டின் பொருளாதாரம் படுத்துக்கொண்ட ஆண்டு. நாள்தோறும் மின்வெட்டு. சேர்ந்த சில வாரங்களில் சிக்கனச் சுற்றறிக்கை வந்தது. தாளை மிச்சப்படுத்துங்கள் என்ற செய்தியை மூன்று மொழிகளில், மொழிக்கு மூன்று பிரதியாக, வழவழப்பான தாளில் அனுப்பியிருந்தார்கள். நாலாவது பந்தி எங்கள் பிரிவுக்கு. புதிய கட்டடம் எதற்கும் நிதி கிடையாது. இருக்கும் கட்டடங்களைத் திருத்துவதற்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

நியாயமான ஏற்பாடு. கட்டடங்கள் உள்ள பாடசாலைகள் இன்னும் நல்ல கட்டடங்களைப் பெறும். கட்டடமே இல்லாத தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் திருத்துவதற்கு எதுவும் இல்லையாதலால், அவற்றால் அரசாங்கத்துக்குச் செலவும் இல்லை.

மடுல்சீமைப் பக்கத்தில் அப்படி ஒரு பாடசாலை. புஷ்பம் டீச்சர் அங்கே பதில் அதிபர். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பதினோராம் வகுப்புக்கு அறை இல்லை. ஜனவரிக்குள் அறை காட்டாவிட்டால் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பசறைப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. அந்தப் பாதையில் பஸ் வந்தால் வரும். வகுப்பில் பதினாலு பெண்பிள்ளைகள். அவர்கள் பசறைக்குப் போக மாட்டார்கள், கொழுந்தெடுக்கத்தான் போவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும்.

‘புதிய வகுப்பறைக் கட்டடம்’ கேட்டு அவர் எழுதிய கடிதம் நாலு தடவை திரும்பிப் போனது. நாலு தடவையும் ‘புதிய’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஐந்தாம் தடவை டீச்சரே கடிதத்தோடு வந்து நின்றார்.

“ஐயா, இதுல என்னங்க பிழை? ‘பு’ தப்பா, ‘தி’ தப்பா? எங்க பிள்ளைககிட்டயே காட்டிக் கேட்டுட்டேங்க. சரின்னுதான் சொல்லுதுங்க.”

“எழுத்திலை பிழையில்லை டீச்சர். சொல்லே பிழை. உந்தச் சொல்லை எடுங்கோ.”

“எடுத்துட்டா அப்புறம் நான் என்னத்தங்க கேக்கிறது?”

திருத்தம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “அந்த இடத்திலை முந்தி ஏதும் நிண்டதோ?”

“கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்துச்சுங்க, பழைய கொட்டகை. தோட்டத்துல பள்ளிக்கூடத்துக்குன்னு குடுத்தாங்க. குடுத்த வருஷமே மழையில விழுந்துருச்சு. ஒரு செவுரு மட்டும் நிக்குது.”

“நிக்குதோ?” அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, கூரையில்லாமல் ஒரு சுவரோடை நிக்கிறதுக்கு உம்மடை கல்லூரியிலை என்ன பேர்?”

“இடிபாடு ஐயா.”

“திருத்தம்,” என்றார். “பழுதடைந்த கட்டடம். எழுதும்.”

எழுதினேன். மூன்று சுவர்களைத் திருத்தல். கூரையைத் திருத்தல். தரையைத் திருத்தல். கதவையும் இரண்டு யன்னல்களையும் திருத்தல். அடியில் ‘திருத்த வேலை’ என்று சான்றளித்துக் கையொப்பமும் இட்டேன். நான் படித்த படிப்புக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. “ஐயா, இல்லாத யன்னலை எப்படித் திருத்துறது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இல்லாமல் கிடக்கிறதுதானே பிள்ளை பெரிய பழுது.”

மேலதிகாரி கையெழுத்திட்டார், நிதியும் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அந்தச் சுவர், உள்ளங்கையை வைத்தாலே அசைந்தது. அது விழுந்தால் மற்ற மூன்றும் ‘புதிய’ சுவர்களாகிவிடும். சுற்றறிக்கையின்படி வேலை நிற்கும். இதை ஐயாவிடம் சொன்னேன். மறுநாளே டீச்சருக்குக் கடிதம் போனது: சுவரில் எவரும் சாயக் கூடாது, சுவருக்கு அருகில் எவரும் தும்மக் கூடாது. இரண்டாவது நிபந்தனை பகிடியா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

தோட்டத்து மக்கள் இரண்டையும் கடைப்பிடித்தார்கள். மேசன் முதலில் சுவருக்கு முட்டுக் கொடுத்தார். மழை இறங்கியதும் பெண்கள் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளைக் கொண்டுவந்து சுவருக்குப் போர்த்திவிட்டு, தாங்கள் நனைந்தபடி மலையேறினார்கள். “பெத்த பிள்ளைக்குக்கூட இப்பிடிப் போத்துனதில்லடி,” என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே போனாள்.

டிசம்பர் முடிவதற்குள் அறை எழுந்தது. ஜனவரியில் பதினாலு பேரும் அதற்குள் உட்கார்ந்தார்கள். வகுப்பை மூடும் உத்தரவு ரத்தானது.

கதை இங்கே முடிந்திருந்தால் அரசாங்கத்துக்கு என்ன மரியாதை? மார்ச்சில் கணக்காய்வாளர் வந்தார். கோப்பையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதில் பழையது எது?”

“மேற்குச் சுவர்,” என்றார் ஐயா.

“மற்றதெல்லாம்?”

“திருத்தம்.”

“நாலில் மூன்று சுவர், கூரை, தரை, கதவு. இது திருத்தமா?”

“பழுது கொஞ்சம் கடுமை.”

கணக்காய்வாளர் சிரிக்கவில்லை. “இதைத் திருத்த வேலை என்று சான்றளித்தது யார்?”

சான்றளித்தது நான். எனக்குத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு வருடங்களுக்கு மேல் இருந்தன. வாயைத் திறப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார்: “நான்தான்.” கோப்பைத் திருப்பிக் காட்டினார். மதிப்பீடு முழுவதும் அவருடைய கையெழுத்தில் இருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்திலும் அவரே எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

அவரை மொனராகலைக்கு மாற்றினார்கள். கட்டிய அறையை மாற்ற வழியில்லாததால் அதை விட்டுவிட்டார்கள்.

அவர் புறப்பட்ட நாளில் பஸ் நிலையம் வரை போனேன். “ஐயா, நான் எழுதின தாள் கோப்புல இல்லையே?” என்று கேட்டேன்.

“எலி திண்டிட்டுது பிள்ளை,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

தன் கையொப்பம் இருந்த தாள்கள் அத்தனையையும் விட்டுவைத்து, என் ஒரு தாளை மட்டும் தேடியெடுத்துத் தின்ற அந்த எலியை நான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.